ராக்கெட்டுக்குக் குரல் கொடுத்தவள்

கோளாறு ஒண்ணும் இல்ல தம்பி. நல்லா உத்துப் பாத்துக்கங்க. திரையில கீறல் இருக்கா, ஓரத்துல அடி பட்டிருக்கா, தட்டித் தடவி எப்படி வேணும்னாலும் பாருங்க. போன தீபாவளிக்கு வாங்குனது. பில்லு, வாரண்டி அட்டை, அட்டைப்பெட்டி, உள்ள இருந்த தெர்மாகோல் வரைக்கும் பத்திரமா வச்சிருக்கேன். அட்டைப்பெட்டிய வச்சிருக்கிறவன் பொருளை ஏமாத்தி விக்க மாட்டான். அது ஒரு கணக்கு.

அப்புறம் ஏன் விக்கிறீங்கன்னு கேக்குறீங்க. கேக்கணும்ல. திருமங்கலத்துல மெஸ்ஸு நடத்துற ஆளு, கத்திரிக்காயக் கூட ரெண்டா ஒடிச்சுப் பாத்துத்தான வாங்குவீங்க. உக்காருங்க. லோடு ஆட்டோக்காரரு டீ குடிச்சிட்டு வர்றேன்னு போயிருக்காருல்ல, வர்றதுக்குள்ள சொல்லிர்றேன். சொல்லாமக் குடுத்தா எனக்கும் மனசு ஆறாது.

இந்தா, இந்த டப்பாவைப் பாருங்க. தங்கக் கலர்ல தகதகன்னு இருக்குல்ல? இதான் காரணம். 'சனிக்கிரகத்தில் சத்தியசீலன்'. புளூ ரே டிஸ்க்கு, சினிமாப் படம். பாத்திருக்கீங்களா? நீங்க அப்ப பொறந்தே இருக்க மாட்டீங்க. சத்தியசீலன்னு ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரு, ராக்கெட்டுல ஏறிச் சனிக்கிரகத்துக்குப் போறாரு. அங்க ஒரு ராணி. ராணிக்கு ஒரு கெட்ட மந்திரி. மந்திரிக்குப் பச்சைக் கலர்ல தாடி. வந்தப்ப படம் படுத்துருச்சு. இப்ப உள்ள பயக அதைத் தூக்கி வச்சு ஆடுறாய்ங்க. பனியன்ல பச்சைத் தாடியை அச்சடிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியுறாய்ங்க.

அந்த ராக்கெட்டுக்குள்ள ஒரு மிஷினு இருக்கும். பேரு மதி. அதுக்கு மூஞ்சியெல்லாம் கெடையாது. செவுத்துல பொட்டுப் பொட்டா லைட்டு எரியும், பேசும். "தலைவரே, கதவு மூடப்படுகிறது." "தலைவரே, பிராணவாயு குறைகிறது." ராக்கெட்டே பத்தி எரிஞ்சாலும் அதே மட்டத்துலதான் பேசும். ஏத்தமும் இருக்காது எறக்கமும் இருக்காது.

அது எம் பொண்டாட்டி குரல் தம்பி. தமயந்தி. அந்தா, செவுத்துல சந்தன மாலை போட்ட போட்டோவுல இருக்காளே, அவதான். வர்ற பங்குனி வந்தா வருசம் திரும்புது.

நடிகையா? அட, நீங்க வேற! குடும்பப் பொம்பளை தம்பி. நான் ரயில்வேயில டிக்கெட்டு குடுக்குற கிளார்க்கு. கல்யாணமான புதுசுல மெட்ராஸ்ல மாம்பலம் டேசன்ல வேலை. கோடம்பாக்கத்துல ஒரு காம்பவுண்டுல குடியிருந்தோம். ஆறு குடித்தனத்துக்கு ஒரே கொழாயி. தண்ணி எப்ப வரும்னு ஆண்டவனுக்கே தெரியாது. வந்தா முதல்ல பாக்குறவ தமயந்திதான். பாத்துட்டு நடு வாசல்ல வந்து நிப்பா. "தண்ணி வந்திருச்சு. எல்லாரும் கொடத்த எடுத்துட்டு வாங்க." கத்த மாட்டா. சும்மா சொல்லுற மாதிரிதான் சொல்லுவா, ஆனா ஆறு வீட்டுலயும் கேக்கும். கொழாயடியில குடுமிப்பிடிச் சண்டை நடக்கும், அப்பவும் அதே குரல்தான். "வரிசையில நில்லுங்க. எல்லாருக்கும் தண்ணி இருக்கு." அம்புட்டுதான், பொம்பளைக வரிசையில நின்னுருவாங்க.

எதுத்த போர்ஷன்ல தேசிகன்னு ஒருத்தர் இருந்தாரு. டப்பிங் தியேட்டர்ல சவுண்டு எஞ்சினியரு. அவரு வேலை செஞ்ச படம்தான் இது. அந்த டைரக்டரு மிஷினுக்குப் பேச ஊர்ல உள்ள டப்பிங் பொம்பளைகளை எல்லாம் வரவச்சுப் பாத்துருக்காரு. ஒருத்தி கொஞ்சுறாளாம், ஒருத்தி அழுவுறாளாம். மிஷினு எதுக்குய்யா அழுவுதுன்னு டைரக்டரு தலையில அடிச்சுக்கிட்டாராம். தேசிகன் எங்கிட்ட வந்தாரு. "சார், ஒரு ஒத்தாசை. மாமியை ரெண்டு நாள் தியேட்டருக்கு அனுப்புவேளா? என் சம்சாரமும் கூடவே வருவா"ன்னாரு.

நான் ஒண்ணும் கட்டுப்பெட்டி இல்ல தம்பி. அந்தக் காலத்துலயே அனுப்பி வச்சேன். வேற எவனாவது அனுப்புவானா? எங்க ஊரு உசிலம்பட்டிப் பக்கம், தெரியுமுல்ல எப்படி இருப்பாய்ங்கன்னு. ஆனா ஒரு கண்டிசன் போட்டேன். டைட்டில்ல பேரு வரக்கூடாது. நம்ம வீட்டுப் பொம்பளை பேரு தியேட்டர்ல ஓடுச்சுன்னா, பீடி வலிக்கிறவன் வெத்தலை போடுறவன் எல்லாம் அதை வாசிப்பான். பங்காளிக மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?

அந்த டைரக்டரு நல்ல மனுசன்தான். ஆனா எங்கிட்டக் கேக்காம, "மதியின் குரல்: திருமதி தமயந்தி சௌந்தரபாண்டியன்"னு தனியா ஒரு அட்டையே எழுதி வச்சுப்புட்டாரு. தேசிகன் வந்து ஆசையாச் சொல்றாரு. தமயந்தி அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், டூட்டிக்கு லீவைப் போட்டுட்டு நேரா அந்தக் கம்பெனி ஆபீஸுக்கே போயிட்டேன். அந்த டைட்டில் அட்டையை வெள்ளை அடிக்க வச்சு, அது காயுற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன். என் பேச்சுக்கு அன்னிக்கு அம்புட்டு மரியாதை. சரி, அது வேற விசயம்.

படம் ஓடலேன்னாலும் அந்தக் குரலைக் கேட்டு ரெண்டு மூணு பேரு தேடி வந்தாய்ங்க. ஒருத்தன் ஊறுகா விளம்பரத்துக்குக் கேட்டான். வாசல்லயே நிப்பாட்டி அனுப்பிட்டேன். தமயந்தி ஒண்ணும் சொல்லல. அவ எதுக்குமே ஒண்ணும் சொல்ல மாட்டா தம்பி. அப்படி ஒரு குணம். எனக்கும் அவளுக்கும் சண்டைன்னு ஒண்ணு வந்ததே இல்ல, விசாரிச்சுப் பாருங்க, இந்த எல்லீஸ் நகர் பூராம் சொல்லும்.

அப்புறம் மதுரைக்கு மாத்தல் வாங்கி வந்துட்டோம். ஒரு ஞாயித்துக்கிழமை டிவியில அந்தப் படத்தைப் போட்டான். நானே அன்னிக்குத்தான் முதத்தடவை பாக்குறேன். தியேட்டருக்குப் போனது அவளும் அவ தங்கச்சியும்தான். "டெக்குல ரெக்கார்டு பண்ணுங்களேன்"னு கேட்டா. எங்கிட்ட அவ வாயைத் தெறந்து கேட்டதே அபூர்வம், சரின்னு பழைய கிரிக்கெட் மேட்சு இருந்த கேசட்டுல பதிஞ்சு வச்சேன். படம் ஓடுது. இவ அடுப்படி நெலையில சாஞ்சுக்கிட்டு, கையில கரண்டியோட, மிஷினு பேசப் பேசக் கூடவே முணுமுணுன்னு சொல்றா. ஒரு எழுத்து பிசகல. எனக்கு எரிச்சலா வந்துச்சு. "சும்மா இருடி, வசனத்தைக் கேக்க விடு"ன்னுட்டேன். வசனமே அவளோடதுதான்! சிரிப்பா வருதுல்ல? இப்ப நெனைச்சாலும் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வசனம் ஒண்ணு இருக்கு. சத்தியசீலன் கோவத்துல செவுத்தைக் குத்துவாரு. மிஷினு சொல்லும், "தலைவரே, உங்கள் ஆணைக்குக் காத்திருக்கிறேன்." ஆகா! அதை அவ சொல்ற அழகு இருக்கே.

அந்தக் கேசட்டு கொஞ்ச வருசத்துல டெக்குக்குள்ளயே மாட்டிக்கிச்சு. அமுக்குனாலும் வெளிய வரல. இழுத்தா பொசுக்குன்னு அறுந்துரும்னு அப்படியே விட்டாச்சு. டிவி ஸ்டாண்டுக்கு அடியில துணி போத்திக் கெடந்துச்சு. தூசி தட்டும்போதெல்லாம் தமயந்தி அந்தத் துணியை மட்டும் தொவைச்சுத் திருப்பிப் போத்துவா.

போன பங்குனியில போயிட்டா. நெஞ்சு வலின்னு கூடச் சொல்லல. மத்தியானம் படுத்தவ எந்திரிக்கல. காரியமெல்லாம் முடிஞ்சு, மக ஹேமாவும் ஓசூருக்குக் கெளம்பிப் போன பெறகுதான், வீட்டுல ஒரு சத்தமும் இல்லேங்கிறது ஒறைச்சுச்சு. குக்கர் விசில் இல்ல, கொலுசு இல்ல, அதெல்லாம் கூடப் பரவாயில்ல. ஒரு மனுசக் குரல் இல்ல. போட்டோ கெடக்கு தம்பி, ஆல்பம் ஆல்பமாக் கெடக்கு. போட்டோ பேசுமா?

குரல் எங்கயாவது இருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். ஹேமா கல்யாண வீடியோவைப் போட்டா, தாலி கட்டுறதுல இருந்து பந்தி வரைக்கும் பூராம் சினிமாப் பாட்டை ஏத்தி வச்சிருக்கான். தமயந்தி வாயசைச்சுப் பேசுறா, "சாப்பிட்டுப் போங்க"ன்னு சொல்றாப்புல இருக்கு, கேக்குறது டூயட்டு. செல்போன்ல இருக்கும்ல, வாட்ஸப்புல பேசி அனுப்பியிருப்பாங்கல்லன்னு நீங்க கேப்பீங்க. அவளுக்கு ஏது செல்லு? வீட்டுல ரெண்டே பேரு, ஒரு போன் போதாதா? ஹேமா கூப்புட்டா நான் ஸ்பீக்கர்ல போட்டு, ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிருவேன்.

அப்படி இருக்கிறப்பத்தான் ஆடி மாசத்துல, எங்க ரிட்டயர்டு ஆளுக குரூப்புல ஒருத்தர் அனுப்புனாரு. 'சனிக்கிரகத்தில் சத்தியசீலன்' புதுப்பிச்சு வருது. ஃபோர் கே ஸ்கேனு, ஏழெட்டு ஸ்பீக்கர்ல வர்ற சவுண்டு. வாசிச்சுட்டு அழுதுட்டேன் தம்பி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன். அவ செத்தன்னிக்குக்கூட நான் அப்படி அழுகல. மிஷினு அம்புட்டு நேரம் பேசும், படம் முச்சூடும் பேசும். ஒவ்வொரு வசனமும் இனிமே பக்கத்துல நின்னு பேசுறாப்புல கேக்கும்னு நெனைச்சேன்.

அதுக்குத்தான் இந்த டிவி. தீபாவளி எக்ஸ்சேஞ்சு ஆஃபரு, பழைய டிவி டெக்கு எது குடுத்தாலும் எடுத்துக்கிறோம்னான். ரெண்டையும் தூக்கிக் குடுத்தேன். ஆமா, கேசட்டு உள்ளயேதான் இருந்துச்சு. கடைக்காரன் கேட்டான், "சார், உள்ள என்னமோ மாட்டியிருக்கே?" "அது கெடக்கட்டும்ப்பா, அதைவிட நல்லது வருது"ன்னேன். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை.

டிஸ்க்கு வந்துச்சு. நான் தனியாப் பாக்கலாமா? பங்காளிக, சம்பந்தி வீடு, மாடியில உள்ளவங்க எல்லாரையும் கூப்புட்டேன். ஹேமா ஓசூர்ல இருந்து வந்துட்டா. பாயசம் வச்சோம். "எல்லாரும் நல்லாக் கேளுங்க, மிஷினு பேசும், அது தமயந்தி"ன்னு வந்தவுகளுக்கெல்லாம் சொன்னேன். எங்க பங்காளி வீரணன் வாயைப் பொளந்துட்டான். "இம்புட்டு நாளு சொல்லவே இல்லையேண்ணே"ங்கிறான்.

படம் ஆரம்பிச்சுச்சு. தம்பி, அந்தப் படத்தை அவிங்க என்ன செஞ்சு வச்சிருக்காய்ங்க தெரியுமா? சத்தியசீலன் மூஞ்சி மெழுகு பொம்மை கணக்கா இருக்கு. ஒரு சுருக்கம் இல்ல, ஒரு வேர்வை இல்ல. பழைய டிவி சதுரமா இருக்கும்ல, இது அகலமாச்சே, நெறைக்கணும்னு மேலயும் கீழயும் வெட்டிட்டாய்ங்க. மந்திரி தாடி கழுத்தோட போச்சு. சனிக்கிரகம் பூராம் நீலம் பாஞ்சு கெடக்கு. ஆனா மறைக்க வேண்டியதெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. ராக்கெட்டைக் கட்டித் தூக்குற நைலான் கயிறு தெரியுது. சனிக்கிரகத்து ராணி கையத் தூக்குனா, அம்மை குத்துன தழும்பு தெரியுது. சனிக்கிரகத்துல எந்த நர்சம்மா வந்து குத்துனாங்களோ! புள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்ச கதைதான். இருந்தாலும் கண்ணு கெடந்துட்டுப் போகுது, நமக்குக் காதுதான வேணும்னு உக்காந்திருந்தேன்.

ராக்கெட்டுக் கதவு தொறக்குது. சத்தியசீலன் உள்ள வர்றாரு. நான் கையைக் காட்டுறேன், எல்லாரும் கப்சிப்.

எவளோ ஒருத்தி பேசுறா தம்பி.

கொஞ்சலும் கொழையலுமா, சின்னப் பொண்ணு. அடியில ஜொய்ங்குன்னு ஒரு எதிரொலி வேற. "தலைவரே, வாருங்கள்"ங்கிறா, என்னமோ நகைக்கடை விளம்பரத்துக்குக் கூப்புடுற மாதிரி. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வீரணன் எட்டி எங்கிட்டச் சொல்றான், "அண்ணே, மதினி குரலு அம்புட்டு எளமையா இருக்குண்ணே." பொம்பளைக எல்லாம் முந்தானைய எடுத்துக் கண்ணைத் தொடைக்கிறாக. ஹேமா மட்டும் எந்திரிச்சு வந்து என் தோள்ல கைய வச்சா. "அப்பா, இது அம்மா இல்லப்பா"ன்னா. "எனக்குத் தெரியாதாடி, உக்காரு"ன்னேன். வந்தவுக முன்னாடி என்ன செய்யச் சொல்றீங்க? படம் முடியுற வரைக்கும் உக்காந்திருந்தேன். எல்லாரும் பாயசம் குடிச்சிட்டு, நல்லாப் பேசியிருக்காக நல்லாப் பேசியிருக்காகன்னு சொல்லிட்டுப் போனாக.

மறுவாரமே மெட்ராஸுக்கு ரயில் ஏறிட்டேன். விடுவேனா? அந்த டிஸ்க்குக் கம்பெனி ஆபீஸைத் தேடிப் பிடிச்சேன். குளுகுளுன்னு ஒரு ரூமுல கௌசிக்குன்னு ஒரு தம்பி, உங்க வயசுதான் இருக்கும், அவன்தான் சவுண்டு பாத்தவன். தண்ணி குடுத்து உக்கார வச்சு, "படம் எப்படி சார் வந்திருக்கு?"ன்னான். "ராணி கையில அம்மைத் தழும்பு வரைக்கும் தெரியுதுப்பா"ன்னேன். "தேங்க்ஸ் சார்"னு சந்தோசப்படுறான்! நான் வஞ்சது அவனுக்குப் பாராட்டாப் போச்சு.

"மிஷினு குரலை ஏன்ப்பா மாத்துனீங்க?"ன்னு கேட்டேன்.

"அந்தக் குரல் ரொம்ப ஃப்ளாட்டா இருந்துச்சு சார். உணர்ச்சியே இல்ல. இந்தக் காலத்து ஆடியன்ஸுக்கு ஒட்டாது. அதான் புதுசாப் பேச வச்சோம்."

"அது எம் பொண்டாட்டிப்பா."

அவன் மூஞ்சி செத்துப் போச்சு. அதை நான் சொல்லணும். கெட்ட பையன் இல்ல. எந்திரிச்சே நின்னுட்டான். "சாரி சார், எங்களுக்குத் தெரியாது. வேற யாரு குரலையும் நாங்க கேக்காமத் தொடலை சார். டைட்டில்ல பேரு இருக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போன் பண்ணி, குடும்பத்துல கேட்டு, சம்மதம் வாங்கித்தான் வேலையே பாத்தோம். ரெண்டு வீட்டுல வேண்டாம்னாங்க, அப்படியே விட்டுட்டோம். இந்த மிஷின் குரலுக்கு மட்டும்தான் பேரே இல்ல. யாரோ ஸ்டுடியோ ஆளு சும்மா பேசினதுன்னு நெனைச்சோம். ஏன் சார் மேடம் பேரு போடலை?"

பாத்தீங்களா அவன் கேள்வியை? பேரு இல்லேன்னா குரலும் இல்லேன்னு ஆயிருமா? ரோட்டுல ஒரு பொருள் கெடந்தா, பேரு எழுதலேன்னு எடுத்துக்கிருவியாடான்னு புடிச்சு ஏறிட்டேன். இந்தக் காலத்துப் பயகளுக்குப் பெரியவுகன்னா ஒரு இது கெடையாது, ஒரு பொம்பளையோட குரலை அவளைக் கேக்காம எடுத்துப்புட்டு நிக்கிறாய்ங்க. இது எம்புட்டுப் பெரிய பாவம்!

"சரி, பழசைக் குடுத்துரு, நான் வீட்டுல போட்டுக் கேட்டுக்கிறேன், உன் படமே எனக்கு வேணாம்"னேன். இல்லையாம். படச்சுருளு தயாரிப்பாளரு மகன்கிட்ட இருந்து வாங்குனதாம். பூஞ்சணம் பிடிச்சுப் போயிருந்ததாம். வேலை முடிஞ்சதும், "எனக்கு வேணாம், வைக்க எடமில்லை"ன்னு அந்த மகன் கைய விரிச்சுட்டானாம். படச்சுருளை உருக்கி அதுல உள்ள வெள்ளியை எடுக்கிற ஆளுக வந்து அள்ளிட்டுப் போயிட்டாகளாம். கம்ப்யூட்டர்ல ஏத்துனது இருக்குமேன்னு கேட்டேன். அந்த ஹார்டு டிஸ்க்கை அழிச்சு அடுத்த படத்துக்கு எடுத்தாச்சாம். யூடியூப்புல எவனோ மங்கலா ஏத்தி வச்சிருந்தானாம், அதையும் இந்த டிஸ்க்கு வருதுன்னு இவிங்களே எடுக்க வச்சுட்டாய்ங்களாம். ஒவ்வொண்ணா அவன் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கிட்டு இருந்தேன். கடைசியில அந்தப் பையன் அழுதுட்டான் தம்பி. நான் அவனைத் தேத்திட்டு வந்தேன்.

தேசிகன் இருந்தா ஏதாவது வழி சொல்லியிருப்பாரு. அவரு போயி வருசக் கணக்காச்சு. அவரு மகள்கிட்டக் கேட்டேன், வீட்டுல ஒரு துண்டு டேப்பு இல்ல.

இங்க வந்ததும் எக்ஸ்சேஞ்சு கடைக்கு ஓடுனேன். பழசெல்லாம் லாட்டா எடுத்துட்டுப் போயாச்சுன்னான். எங்கன்னு கேட்டு, ஊருக்கு வெளிய அந்தப் பழைய சாமான் குடோனுக்கே போனேன். மலை மாதிரி குமிச்சுக் கெடக்கு தம்பி. டிவி, மிக்சி, டெக்கு, எல்லாத்தையும் ஒடைச்சுத் தகரம் தனியா செம்பு தனியாப் பிரிச்சுப் போட்டிருக்காக. கறுப்பு நாடா மட்டும் ஒரு மூலையில, கோழி எறகு மாதிரி, கும்பலா. அதுல எது என் நாடா? அந்த வேலை பாக்குற அம்மா கேக்குது, "என்னய்யா தேடுறீக?" என்னன்னு சொல்ல? ஒண்ணும் இல்ல தாயின்னுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறமும் நான் விடல. தெனமும் அந்த டிஸ்க்கைப் போடுவேன். எங்கயாவது ஒரு எடத்துல, அழிக்க மறந்த எடத்துல, ஒரு சொல்லு ஒட்டிக்கிட்டு இருக்காதா? சத்தியசீலன் கத்துறப்ப பின்னாடி மிஷினும் சேந்து பேசும், அதுல இருக்குமா? சவுண்டை ஏத்தி, டிவியில காதை வச்சு, திரும்பத் திரும்ப. மாடியில உள்ளவங்க வந்து சத்தம் போட்டுட்டுப் போனாக. ராக்கெட்டு எறங்குற எடத்துல ஒரு பெருமூச்சு கேக்கும். அது அவ மூச்சுதான், பேசுறதுக்கு முன்னாடி அப்படி ஒரு மூச்சு எடுப்பான்னு ஹேமாவுக்குப் போன் போட்டு, போனை டிவிகிட்டப் பிடிச்சுக் கேக்க வச்சேன். "அப்பா, அது கதவு தொறக்குற சத்தம்ப்பா. வேணாம்ப்பா, அதைப் போடாதீங்க. போட்டுக்கிட்டே இருந்தா அதுதான் காதுல நிக்கும்"னா. சின்னப்புள்ள, அவளுக்கு என்ன தெரியும்னு நான் கேக்கல.

எப்படி இருக்கும்னா? அவ குரலா? அதான் சொன்னேனே தம்பி, ஏத்தமும் இல்லாம எறக்கமும் இல்லாம... இல்ல, சொன்னா வெளங்காது. இருங்க, பேசிக் காட்டுறேன். "தலைவரே, உங்கள்..." ம்ஹூம். இது இல்ல. "தலைவரே..." இப்படி இல்ல தம்பி. இது வேற. தண்ணி வந்திருச்சும்பா பாருங்க, அது... "தண்ணி வந்திருச்சு..."

விடுங்க. வர மாட்டேங்குது.

டிஸ்க்கையும் எடுத்துக்கங்க. அதைப் போடுற பிளேயரும் எனக்கு வேணாம். மெஸ்ஸுல சாப்பிட வர்றவுகளுக்குப் போட்டு விடுங்க, சிரிக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், ஹேமாகிட்டக்கூடச் சொல்லல. இன்னிக்குக் காலையில முழிச்சும் முழிக்காம படுத்துக் கெடக்கேன். அடுப்படியில இருந்து தமயந்தி கூப்புடுறா. "ஏங்க, காப்பி ஆறுது." அவ கூப்புடுறதேதான், நாப்பது வருசமாக் கூப்புட்டதேதான். ஆனா குரலு அந்தப் பொண்ணோட குரலு தம்பி. கொஞ்சலா, கொழையலா, அடியில அந்த ஜொய்ங்குன்னு எதிரொலியோட. எனக்கு அது வேற ஆளுன்னே தோணல. "இந்தா வர்றேன்"னு பதிலும் சொல்லிட்டேன்.